ஐப்பசி மழையும் புற்றுக் காளானும்

“குடையப் பாக்காத, எடத்தப் பாரு” என்பது, கிள்ளானிலிருந்து காப்பாருக்குப் போகும் சாலையை ஒட்டி ஒரு காலத்தில் இருந்த ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கும் மேலாகப் பால் வெட்டிய என் பாட்டி எனக்குக் கற்பித்த முதல் சாஸ்திரம். எழுத்து வாசனை அறியாத அவளுக்கு அது சாஸ்திரம் என்று தெரியாது. தெரிந்திருந்தால் அதை அவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்கவும் மாட்டாள். குடை என்று அவள் சொன்னது காளானை. விடியற்காலையில், லயத்துக்குப் பின்னால் ஓடும் கானைத் தாண்டி, பால்மர நிரைகளுக்குள் புகுந்து, ஈரச் சருகின்மேல் வெறுங்காலை அழுத்தி வைத்து அவள் நடக்க, காலியான பிஸ்கோத்து டின் ஒன்றைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போயிருக்கிறேன். வெள்ளை வெளேரென்று, வடிவாக, ‘என்னை எடுத்துக்கொள்’ என்பதுபோல் நின்ற எத்தனையோ குடைகளைத் திரும்பியும் பாராமல் கடந்து போவாள். பிறகு, சேறு அப்பிய சாம்பல் நிறத்தில், பார்ப்பதற்கு ஒரு லட்சணமும் இல்லாத ஒரு கூட்டத்தின் முன்னால் உட்கார்ந்து முந்தானையை விரிப்பாள்.

தோட்டத்து ஜனங்களுக்கு மழைக்காலம் சந்தோஷமான காலமாக இருந்ததில்லை. இரவில் பெய்த மழையில் மரப்பட்டை நனைந்திருந்தால், வெட்டிய கோட்டின் வழியே மங்குக்குள் இறங்க வேண்டிய பால் பட்டையெங்கும் பரவி வீணாகும்; ஆகையால் அன்று வெட்டு இல்லை; வெட்டு இல்லாத நாளில் கையில் வரும் காசும் குறைவு. கூலியைப் பறித்துக்கொண்ட அதே மழைதான் இரண்டொரு நாளில் காளானையும் கொண்டுவந்து கொடுத்தது என்பதால், அதில் ஏதோ ஒரு தெய்வ சங்கற்பம் இருப்பதாகவும், மேலே இருப்பவன் ஒரு கையால் எடுத்ததை மறு கையால் ஈடு செய்து கணக்கைத் தீர்த்துவிட்டதாகவும் லயத்து வாசலில் பேசிக்கொள்வார்கள். கணக்கு ஒருபோதும் தீரவில்லை என்பது வேறு விஷயம்.

ஐரோப்பாவிலே இலை பழுத்து உதிரும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், கூடையும் சிறு கத்தியும் எடுத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாகக் காட்டுக்குள் காளான் பொறுக்கப் போகும் வழக்கம், போலந்து, ருஷ்யா, இத்தாலி முதலான தேசங்களில் ஒரு திருவிழாவைப்போல நடந்துவருகிறது. ஜப்பானியர் அதே பருவத்தில் பைன் மரத்தடியில் முளைக்கும் மட்சுதாக்கே என்ற காளானுக்குக் கொடுக்கும் விலையைக் கேட்டால் நம்மவர் ஒரு மாத மளிகைச் செலவை நினைத்துப் பெருமூச்சு விடுவர். பூமத்திய ரேகைக்கு மூன்று பாகை வடக்கே அமர்ந்திருக்கும் கிள்ளான் பள்ளத்தாக்கில் அப்படியொரு சரத் ருது கிடையாது. இலையை முழுக்க உதிர்த்து நிற்கும் மரம் ஒன்று உண்டென்றால் அது பிரேசிலிலிருந்து வந்த பால்மரந்தான். அதுவும் தை, மாசி வெயிலில் உதிர்க்குமே தவிர ஐப்பசியில் உதிர்க்காது. ஆயினும் பழந்தமிழர் ஆறாகப் பகுத்த பெரும்பொழுதில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் என்று பெயர் பெற்றன அல்லவா? அந்தக் கூதிர் மட்டும் கடல் கடந்தும் நம்மைக் கைவிடவில்லை. தென்மேற்குக் காற்று ஓய்ந்து வடகிழக்குக் காற்று பிடிப்பதற்கு இடைப்பட்ட அந்த வாரங்களில், காலையெல்லாம் புழுங்கிக் கிடந்த வானம் பிற்பகலில் இருண்டு, இடியோடு கொட்டித் தீர்க்கிறது. பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் தீபாவளிக் கடைகளின் மேல் போட்ட கூடாரத்துணி நீர் கோத்துத் தொங்குவது அந்த மழையில்தான்.

இடி இடித்தால் காளான் முளைக்கும் என்பது தமிழ்நாட்டு உழவர் நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு இந்தப் பள்ளத்தாக்கைவிடப் பொருத்தமான பூமி வேறு அகப்படாது. சுபாங் வட்டாரத்தில் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 200 நாட்கள் இடி கேட்கிறது. நம் பாட்டிமார் பேச்சை மூடநம்பிக்கை என்று தள்ளிய படிப்பாளிகள், ஜப்பானின் இவாத்தே பல்கலைக்கழகத்தார் காளான் விதைத்த மரத்துண்டுகளின்மேல் செயற்கை மின்னலைப் பாய்ச்சி, விளைச்சல் பெருகுவதைக் கண்டு 2010-ல் வெளியிட்டபோது என்ன நினைத்தார்களோ தெரியாது. பாட்டிக்கு அந்தச் செய்தி எட்டியிருந்தால், “இதுக்கு ஒரு படிப்பா?” என்று கேட்டிருப்பாள்.

அவள் முந்தானையை விரித்த இடம் எப்போதும் ஒரு புற்றுக்கு அருகில் இருக்கும். அதன் காரணம் விந்தையானது. காய்ந்த இலையையும் மரத்தூளையும் தின்கிற கறையானுக்கு அவற்றை முழுதும் ஜீரணிக்கும் சக்தி கிடையாது. ஆகவே சில ஜாதிக் கறையான்கள் மண்ணுக்கடியில் அறைகள் அமைத்து, தின்று அரைகுறையாய்க் கழித்ததைக் கடற்பஞ்சு போன்ற அடைகளாகக் கட்டி, அவற்றின்மேல் ஒரு பூஞ்சணத்தைப் பயிர் செய்து, அது பக்குவப்படுத்திக் கொடுத்த உணவை உண்கின்றன. மனிதன் பயிர் செய்யத் தொடங்கிப் பன்னீராயிரம் ஆண்டு ஆகியிருக்கலாம். கறையான் இந்த வேளாண்மையைத் தொடங்கி ஏறத்தாழ மூன்று கோடி ஆண்டு ஆகிறது என்று உயிர்நூலார் கணித்திருக்கிறார்கள். மழை நன்றாக மண்ணில் இறங்கியதும் அந்த அடையிலிருந்து நீண்டதொரு வேர்த்தண்டு மேல்நோக்கி வளர்ந்து, மண்ணைக் கூரிய முனையால் துளைத்து, வெளியே வந்து குடை விரிக்கிறது. அதுதான் புற்றுக் காளான். மலாய்க்காரர் செண்டாவான் பூசுட் என்பதும் அதையே. கறையான் இல்லாமல் அதை வளர்த்து விற்கும் வித்தை இன்றுவரை மனிதனுக்குக் கைகூடவில்லை. ஆகவே அதை உண்ண விரும்புகிறவன் கறையானின் தயவை நாடித்தான் நடக்க வேண்டும்.

புற்றுக்குள் பூஞ்சணம் இருப்பதை மேல்நாட்டு விஞ்ஞானத்துக்கு முதன்முதலில் எடுத்துரைத்தவர் தமிழ்நாட்டில் இருந்தவர் என்பது நம் வாசகர்களில் பலர் அறியாத சங்கதியாக இருக்கலாம். லின்னேயஸின் மாணாக்கரும், தரங்கம்பாடியில் டேனிஷ் மிஷனின் வைத்தியராக வந்தவருமான யோகான் கெரார்டு கோனிக், தஞ்சைச் சீமையில் புற்றுகளை வெட்டித் திறந்து பார்த்து, வெள்ளை எறும்புகளின் வாழ்க்கையைப் பற்றி 1779-ல் எழுதிய ஜெர்மன் கட்டுரையில் இந்தப் பூஞ்சண அடைகளை வர்ணித்தார். அந்த ஆண்டுகளில் அவர் சயாமுக்கும் மலாக்கா நீரிணைக்கும் கூடக் கப்பலேறி வந்து செடிகொடி சேகரித்தவர். இந்த இனத்துக்கு டெர்மிட்டோமைசிஸ் என்ற பெயரைப் பிரெஞ்சுக்காரரான ரோஜர் ஹெய்ம் சூட்டியது 1942-ல். தஞ்சையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் கங்காணி பின்னால் வந்த ஜனங்கள் அதற்கு வெகு முன்னரே, பால்மரக் காட்டுக்குள் தங்கள் ஊர்ப் புற்றையும் அதன் காளானையும் அடையாளம் கண்டுகொண்டு, அடுப்பில் சட்டியை ஏற்றிவிட்டார்கள்.

புற்றைக் காத்தது கறையான் மட்டுமன்று. எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலே ஒரு புற்றைச் சுற்றித்தான் எழுந்தது. அப்படி எழுந்த கோயில்கள் சிலாங்கூரில் ஒன்றிரண்டு அல்ல. வெளிக்காட்டு வேலைக்காரர் மண்வெட்டியோடு வந்தாலும், நாகம்மா குடியிருக்கிறாள் என்ற பயத்தினால் புற்றை ஒதுக்கிவிட்டு வெட்டுவார்கள். பக்தி காளானுக்கு அரணாக இருந்தது. கோயில் புற்றில் முளைத்ததைப் பாட்டி எடுக்கமாட்டாள். மற்றப் புற்றுகளில் எடுத்தாலும், குடை விரிந்து முதிர்ந்ததில் நாலைந்தை அப்படியே விட்டுவிட்டு, மொட்டாயும் அரைக் குடையாயும் இருப்பதை விரலால் மெல்லத் திருகி எடுத்து, குழியை மண்ணால் மூடி, அதன்மேல் சருகை வாரிப் போடுவாள். மண்ணைத் தோண்டி அடைவரை கை விட்டால் அடுத்த வருஷம் அங்கே முளைக்காது என்பது காரணம். சருகு போட்டதற்கு அந்தக் காரணம் மட்டும் இல்லை. அடுத்த லயத்துக் கிழவியும் அதே வேளையில் கிளம்பியிருப்பாள் என்பது எனக்குப் பிற்காலத்தில்தான் விளங்கிற்று. நகையைப் பெண்மக்களுக்குள் பங்கிட்ட பாட்டி, காளான் இடங்களைக் கடைசிவரை ஒருத்திக்கும் முழுதாகச் சொல்லவில்லை.

சமைப்பதில் அவளுக்குச் சாஸ்திரம் ஒன்றும் இல்லை. தண்டில் ஒட்டிய மண்ணைச் சுரண்டி, மஞ்சள் நீரில் அலசி, கத்தி படாமல் கையாலேயே நாராகக் கிழித்து, சின்ன வெங்காயமும் மிளகும் தட்டிப் போட்டு, காளான் விடும் நீரிலேயே வேகவிட்டு, இறக்கும்போது ஒரு பிடி தேங்காய்த் துருவல். வெள்ளிக்கிழமையில் கவுச்சி ஆகாதென்ற வீட்டில், ஆட்டுக்கறியின் ருசிக்கு ஏறக்குறைய எட்டிவிட்ட அந்தக் குழம்பை உண்ட திருப்தியை இப்போது எந்த ஓட்டலிலும் நான் அடைவதில்லை. மனு தர்ம சாஸ்திரம் பூண்டு, வெங்காயத்தோடு காளானையும் விலக்கிவைத்த பட்டியலில் சேர்த்திருக்கிறது. தோட்டத்தில் மனுவை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தப் பட்டியலில் பாதிச் சமையல் போயிருக்கும்.

இவ்விடத்தில் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. துரைமாரும் காளானைத் தேடினார்கள், ஆனால் கொல்வதற்கு. ரப்பர் மரத்தின் வேரில் வெண்நூலாய்ப் படர்ந்து மரத்தைச் சாய்க்கும் வெள்ளை வேர் நோயும், பிற்காலத்தில் செம்பனையின் அடித்தண்டை அழுகச்செய்யும் கனோடெர்மாவும் பூஞ்சண ஜாதியே. ஒரே நிரையில் ஒரு கூட்டம் நோய்ப் பூஞ்சணத்தைத் தோண்டி எரித்தது. இன்னொரு கூட்டம் காளானைப் பறித்து உண்டது. இரண்டு கூட்டத்திலும் இருந்த கைகள் பெரும்பாலும் தமிழர் கைகளே.

பாட்டி காளானோடு கானோரத்துக் கீரையையும் தேடியவள்; இனி அந்தக் கீரைக்கு வருவோம். சங்க நூலாகிய சிறுபாணாற்றுப்படையில், நல்லூர் நத்தத்தனார், நல்லியக்கோடன் என்ற சிற்றரசனிடம் பரிசில் பெறுமுன் பாணர் இருந்த வறுமையை ஒரு சமையலறைச் சித்திரமாகத் தீட்டியிருக்கிறார். சுவர் இடிந்த அந்த அடுக்களையில் காளான் பூத்திருக்கிறது. கிணை கொட்டுபவனின் மனைவி குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளிவந்து, உப்புக்கும் வழியில்லாமல் வேகவைத்து, அதைக் கண்டு பிறர் ஏளனமாய்ப் பேசுவார்களே என்ற நாணத்தால் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள். ஈராயிரம் ஆண்டாக அந்தக் கதவு அடைத்தபடியே இருந்துவந்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம். கானோரத்தில் குந்திக் கீரை கிள்ளிக்கொண்டிருக்கும்போது பெரிய கிராணியார் வீட்டு அம்மாள் அந்தப் பக்கம் வந்துவிட்டால், பாட்டி முந்தானையை இழுத்துக் கீரையை மூடிக்கொண்டு, ஆட்டுக்குத் தழை பறிப்பவளைப்போல் பாவனை செய்வாள். எங்களிடம் ஆடு இருந்ததில்லை. அதே வேளையை, நல்வேளை என்று நாம் சொல்லும் செடியை, நெகிரி செம்பிலான் மலாய்க்காரர் மாமான் என்றழைத்து, ஊறுகாயாக ஊறப்போட்டும் ரெண்டாங் சமைத்தும் பெருநாள் விருந்தில் பெருமையோடு பரிமாறுகிறார்கள். ஒரே இலையை ஒருவர் கதவடைத்தும் மற்றவர் பந்தி விரித்தும் உண்டார்கள்.

கப்பலேறி வந்தவர்களுக்கு முன்பே இங்கே வந்து காத்திருந்தவைபோல் சில கீரைகள் இருந்தன: ஆற்றோரத்தில் பொன்னாங்கண்ணி, ஈரப் புல்தரையில் வல்லாரை, எரித்த குப்பைமேட்டில் மணத்தக்காளி, மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் முள்ளுக்கீரை, குளக்கரையில் வள்ளை. மலாய்க்காரர் வல்லாரையைப் பெகாகா என்று சொல்லிப் பச்சையாகவே சம்பலில் தோய்த்து உண்பதைக் கண்ட நம் பெண்கள் முதலில் முகம் சுளித்து, பிறகு தேங்காய் சேர்த்துத் துவையலாக்கினார்கள். அறியாத கீரைகளும் இருந்தன. நாய்வால்போல் தலை சுருண்ட பெரணிக் குருத்தாகிய புச்சோக் பாக்குவையும், கருங்கரும் பச்சை இலையுடைய செக்கூர் மானிஸையும், ஊலாம் ராஜாவையும் கம்பத்து மலாய்ப் பெண்களிடம் சந்தை நாளில் கேட்டுக் கேட்டுத்தான் கற்றுக்கொண்டார்கள். ஒருத்திக்குத் தமிழ் தெரியாது, மற்றவளுக்கு மலாய் அரைகுறை. கிள்ளும் நீளத்தை விரலால் காட்டினால் போதுமாக இருந்தது. பாட்டி பெரணிக் குருத்துக்குப் பருப்பும் புளியும் சேர்த்தது மட்டும் அந்த மலாய்ப் பெண்ணுக்குக் கடைசிவரை சம்மதமாகவில்லையாம்.

கற்றுக்கொள்ளும்போது இலையோடு அதன் விதியையும் சேர்த்தே கற்றுக்கொண்டார்கள் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். செக்கூர் மானிஸை வதக்கியோ முட்டை சேர்த்துக் கிண்டியோதான் இங்கே உண்பார்கள்; 1990-களின் நடுவில் தைவானில் உடல் மெலிவதற்கென்று அதைப் பச்சையாக அரைத்துச் சாறாக நாள்தோறும் குடித்தவர்கள் பலர் நுரையீரல் கெட்டு மூச்சுத் திணறினார்கள்; சிலர் இறந்தும் போனார்கள். இலை கடல் கடந்து போயிற்று, விதி போகவில்லை. ஜப்பான்காரன் காலத்தில், அரிசி பங்கீடாகி, பிறகு பங்கீடும் அருகிப்போன 1942 முதல் 1945 வரையிலான ஆண்டுகளில், தோட்டமெங்கும் மரவள்ளிதான் சோறு. அதன் கொழுந்துதான் கீரை. கொழுந்தில் விஷம் உண்டென்பதால் நன்றாக வேகவைத்து நீரை வடித்துக் கொட்ட வேண்டும் என்பதும், காடோங் என்ற காட்டுக் கிழங்கைச் சீவி ஓடுகிற தண்ணீரில் நாட்கணக்காக ஊறப்போடாமல் வாயில் வைக்கக்கூடாது என்பதும், அந்த ஆண்டுகளில் பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது.

பிற்காலத்தில் ‘எடத்தப் பாரு’ என்ற சூத்திரத்துக்கு இன்னொரு பொருளும் ஏறிற்று. களையைக் கொல்லத் தெளிக்கும் நஞ்சுக்குத் தோட்டத்துத் தமிழில் மருந்து என்றே பெயர். நோயைத் தீர்ப்பதற்கும் உயிரைத் தீர்ப்பதற்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் நம் பாஷையின் நயத்தை நான் எங்கே போய்ச் சொல்வேன்? மருந்துத் தோம்பை முதுகில் சுமந்து நிரை நிரையாகத் தெளித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தெளிப்பதும் அவர்களே, அந்த மண்ணில் மறுமாதம் கீரை கிள்ளுவதும் அவர்களே. ‘எந்த நிரையில் மருந்தடித்தது, எப்போது அடித்தது’ என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்ட பிறகே கீரைக்கு இறங்கினார்கள். பாரக்குவாட் என்ற அந்தக் களைக்கொல்லியால் பெண் தொழிலாளர் படும் துன்பத்தைத் தெனாகானித்தா அமைப்பு 2002-ல் நூலாக வெளியிட்டது. அதே ஆண்டில் அரசு தடை விதித்தது. 2006-ல் தடை தளர்ந்தது. 2020 ஜனவரி 1 முதல்தான் அது முற்றாக விலக்கப்பட்டது. தளர்ந்த காலத்துக்கு யார் பதில் சொல்வார்கள் என்று கேட்பதற்கு, அந்தத் தோட்டங்களில் பலவற்றில் அப்போது ஆளே இல்லை.

தோட்டங்கள் போன கதை எல்லாரும் அறிந்ததே, நான் விரிக்கப்போவதில்லை. எஃபிங்காம் தோட்டம் 1952 முதல் பெட்டாலிங் ஜெயாவாயிற்று. சுங்கை ரெங்கம் தோட்டம் 1960-களில் ஷா ஆலமாகத் தொடங்கியது. சீபீல்டு தோட்டத்தின்மேல் 1976 முதல் சுபாங் ஜெயா எழுந்தது. புக்கிட் ஜாலில் தோட்டத்தில் 1998-ல் காமன்வெல்த் விளையாட்டு நடந்தது. வீடு போனதைப் பற்றியும் கோயில் போனதைப் பற்றியும் பள்ளிக்கூடம் போனதைப் பற்றியும் நம்மவர் நிறையப் பேசியும் எழுதியும் இருக்கிறார்கள். இவற்றோடு போன இன்னொன்றை யாரும் கணக்கில் எழுதவில்லை. காளானையும் கீரையையும் பற்றிய அந்த அறிவு, தலைக்குள் இருந்ததுபோல் தோன்றினாலும், பாதிக்குமேல் மண்ணில் இருந்தது. இந்தப் புற்று, இந்தக் கானோரம், மூன்றாம் நம்பர் வெட்டில் சாய்ந்து கிடக்கும் அந்த மரம் என்று இடங்களாகவே அது சேமித்து வைக்கப்பட்டிருந்தது. ஏட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போவதுபோல் அதை மூட்டை கட்டி லாரியில் ஏற்றிப் பன்னிரண்டு மாடி அடுக்குவீட்டுக்குக் கொண்டுபோக வழியில்லை.

இடம் போனாலும் கண்ணும் நாக்கும் போகவில்லை என்பதுதான் இதில் அபாயம். அடுக்குவீட்டுக்குக் கீழே, பந்துத்திடலின் ஓரத்தில், ஐப்பசி மழைக்கு மறுநாள் வட்டமாக முளைத்து நிற்கும் பெரிய வெள்ளைக் குடைகளைக் காணும்போது தோட்டத்தில் வளர்ந்த கிழவிக்குக் கை துறுதுறுக்கிறது. அவற்றில் மிகுதியும் குளோரோபில்லம் மொலிப்டைட்டிஸ் என்ற நச்சுக் காளான். உச்சியில் பழுப்புச் செதில், தண்டில் மோதிரம்போல் ஒரு வளையம். இளமையில் அடிமடிப்புகள் தூய வெள்ளையாக இருந்து, முதிரும்போதுதான் மங்கிய பச்சை நிறம் கொள்ளும். மொட்டிலே பறிப்பவருக்கு அந்தப் பச்சை தெரியாது. உண்ட இரண்டொரு மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றோட்டமும் கண்டு ஆளைச் சுருட்டிப்போடும். புற்று இல்லாத தரையில் முளைத்ததை என் பாட்டி தொட்டிருக்கவே மாட்டாள். புற்றே இல்லாத ஊரில் பிறந்த பேத்தி, “பாட்டி காளான் பறிப்பாங்க” என்பதை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறாள்.

இதைவிடக் கொடிய ஜாதிகளும் உலகில் உண்டு. அமானிட்டா வகையில் சிலவற்றின் நஞ்சு கொதிக்கவைத்தாலும் அழியாது. உண்டு ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம்வரை ஒன்றும் காட்டாமல் இருந்து, பிறகு வாந்தியெடுக்கச்செய்து, நடுவில் ஒரு நாள் தேறிவிட்டதுபோல் பாசாங்கு காட்டி, அதற்குள் ஈரலைத் தின்றுவிடும். 2022 ஏப்ரலில் மேல் அசாம் மாவட்டங்களில் காட்டுக் காளான் உண்டு 13 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் தேயிலைத் தோட்டக் குடும்பத்தினர். நம்மைப்போலவே ஒரு நூற்றாண்டுக்கு முன் வேற்றூரிலிருந்து கொண்டுவந்து குடியேற்றப்பட்டவர்களின் சந்ததியார் அவர்கள் என்பதை எண்ணும்போது, செய்தித்தாளின் அந்த மூலை எனக்கு அயலூர்ச் செய்தியாகப் படவில்லை. வெள்ளிக் கரண்டி கறுத்தால் விஷம், அரிசி நிறம் மாறினால் விஷம், பூச்சி அரித்திருந்தால் நல்லது, பூண்டு போட்டு வேகவைத்தால் நஞ்சு முறியும் என்றெல்லாம் வழங்கிவரும் பரீட்சைகளில் ஒன்றுகூட உண்மையல்ல. நத்தை நிம்மதியாகத் தின்னும் காளான் மனிதனைக் கொல்லும்.

இடத்தை விட்டுப் பெயராதவர்களிடம் அந்த அறிவு இன்னும் உயிரோடிருக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கின் ஓரக்காடுகளை அண்டி வாழும் தெமுவான் பூர்வகுடியினர் எந்த மரம் விழுந்து எத்தனை மாதத்தில் எந்தக் காளான் வரும் என்று நிச்சயமாய்ச் சொல்வார்கள். கெப்போங் வன ஆராய்ச்சி நிலையத்தின் காளான் வல்லுநர்கள் பூர்வகுடிகளிடம் உட்கார்ந்து கேட்டு எழுதியிருக்கிறார்கள். 1929-ல் அமைந்த அந்த நிலையத்தின் காடே ஒரு பாடம். தகரச் சுரங்கம் தோண்டிப் பாழாக்கிய நிலத்தில் மரமாக நட்டு வளர்த்த அந்த வனம் 2025-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. பார்க்கப் போகிறவர்கள் பார்த்துவிட்டு வருவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். காப்புக் காடுகளில் உரிமம் இல்லாமல் வனப் பொருள் எடுப்பது 1984-ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டப்படி குற்றம்.

உண்ண விரும்புகிறவர்களுக்குச் சந்தை இருக்கிறது. கிள்ளான் காலைச் சந்தையில், செம்பனை ஆலையிலிருந்து வரும் வெறுங்குலைகளைக் குவித்துவைத்த இடத்தில் முளைக்கும் செண்டாவான் சாவிட் சில நாட்களில் மலாய்ப் பெண்களின் கூடையில் வருகிறது. விடியுமுன் போனால்தான் மொட்டாகக் கிடைக்கும். மற்றபடி மூட்டை மூட்டையாக வருவது சிப்பிக் காளான். அதை வளர்க்கும் பைகளில் நிறைத்திருப்பது என்னவென்று ஒருநாள் கடைக்காரரைக் கேட்டேன். ரப்பர் மரத்தூள் என்றார். வெட்டி ஓய்ந்த பால்மரங்கள் மரச்சாமானாகி, அறுத்த தூள் பைக்குள் போய், காளானாக முளைத்து, பிரிக்பீல்ட்ஸ் கடையில் தராசில் ஏறுகிறது. நூறு கிராம் வாங்கிவந்து மிளகு தட்டிப் போட்டுச் செய்து பார்த்தேன். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பாட்டியின் குழம்பு அதுவல்ல.

தோட்டத்தில் வாழ்ந்த கிழவி ஒருத்தி உங்கள் வீட்டில் இன்னும் இருப்பாளானால், இந்த ஐப்பசி முடிவதற்குள் அவளை உட்காரவைத்து, எந்தக் கீரை, எந்தக் கானோரம், எந்தப் புற்று, எதை வேகவைத்து நீரை வடிக்க வேண்டும், எதைத் தொடவே கூடாது என்று கேட்டு அவள் சொல்லும் பெயரிலேயே எழுதி வையுங்கள். எழுதியதை வைத்துக்கொண்டு காளான் பறிக்கப் புறப்பட்டுவிடாதீர்கள். அடுக்குவீட்டுப் புல்தரையில் முளைத்ததை யாரேனும் அறியாமல் உண்டு உபாதை கண்டால், மோர் கொடுத்துப் பார்க்கலாம் என்று காத்திராமல், சமைக்காத மிச்சத்தில் ஒன்றைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் 1994 முதல் இயங்கிவரும் தேசிய விஷ மையம், மருத்துவர்களுக்கும் பொதுமக்களுக்கும் தொலைபேசியில் ஆலோசனை சொல்கிறது.